தவிட்டில் வைத்த கை

‘டப்’பென்று ஒரு சத்தம். பின்னாலேயே, எவர்சில்வர் ஸிங்க்கில் எதுவோ விழுந்து, சுழன்று சுழன்று அடங்கியது.

சன்னிவேல் நகரத்து வீட்டுக் கூடத்தில் சோபாவில் சாய்ந்தபடி மனைவியோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்த வெங்கடகிருஷ்ணன் துள்ளி எழுந்தார். போன் திரையிலிருந்து அவர் முகம் மறைந்து மின்விசிறி தெரிந்தது.

“என்ன சத்தம் அது?” என்றாள் காமாக்ஷி, நாட்டின் அந்தக் கோடியில், நியூஜெர்ஸி வெஸ்ட் வின்ட்சரிலிருந்து.

“சத்தமா? ஒண்ணும் கேக்கலையே.”

“எனக்கு இங்கே கேட்டுது. உங்களுக்கு அங்கே கேக்கலை?”

“ஓ, அதுவா. பின்னாடி தெருவுல ஏதோ கட்டட வேலை.”

“ஞாயித்துக்கிழமை சாயங்காலமா?”

“ஓவர்டைமா இருக்கும்” என்றார் வெங்கடகிருஷ்ணன். சிக்னல் சரியில்லை என்று சொல்லி, சிக்னல் கண்ணாடி மாதிரி இருக்கும்போதே, போனை அணைத்தார்.

சமையலறையில் அவர் பார்த்த காட்சி நன்றாயில்லை. ஜன்னலோரம், வெயில் பளீரென்று விழும் இடமாகப் பார்த்து அவர் வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவின் மூடி பறந்துபோய் ஸிங்க்கில் கிடந்தது. டப்பாவின் நான்கு பக்கமும் நல்லெண்ணெய் வழிந்து, கல்மேடையில் ஓடி, காமாக்ஷி கழுவி அடுக்கிவிட்டுப் போன டம்ளர்களுக்கு அடியில் புகுந்துகொண்டிருந்தது. டப்பாவுக்குள் ஈரத் தவிடு சேறு மாதிரி நுரைத்துப் பொங்கியிருந்தது. அதிலிருந்து கிளம்பிய நாற்றத்தை என்னவென்று சொல்ல? புதிதாகப் பெயின்ட் அடித்த அறைக்குள் யாரோ ஒரு குடம் புளித்த மோரைக் கொட்டிவிட்டாற்போல் இருந்தது.

அந்தத் தவிடு அவருடையதாக இருந்தால் குப்பையில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளலாம். அது பக்கத்து வீட்டு ஹயாஷி அம்மாளுடையது. அந்த அம்மாள் வருகிற சனிக்கிழமை ஜப்பானிலிருந்து திரும்பி வருகிறாள்.

ஹயாஷி அம்மாளுக்கு எழுபது வயது இருக்கும். ஒரு பல் டாக்டரிடம் கணக்கு வழக்குப் பார்த்து ரிடையர் ஆனவள். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. காமாக்ஷிக்கும் அவளுக்கும் சிநேகம் வேலிக்கு மேல் தொடங்கியது. இங்கிருந்து எலுமிச்சம்பழம் அங்கே போயிற்று. அங்கிருந்து சீமைப் பனிச்சம்பழம் இங்கே வந்தது. பிறகு ரசம் போயிற்று. சூப் வந்தபோது, இதில் மீன் உண்டா என்று காமாக்ஷி கேட்டாள். ஹயாஷி அம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, சூப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் கடற்பாசியும் காய்ந்த காளானும் மட்டும் போட்டுக் கொதிக்கவைத்த வேறு சூப்போடு வந்தாள். அன்றிலிருந்து அவளுடைய சமையலறையில் காமாக்ஷிக்கென்று தனிப் பாத்திரமே உண்டு.

வாரத்துக்கு இரண்டு நாளாவது காமாக்ஷி மத்தியானம் அங்கேதான் சாப்பிடுவாள். ஒரு கிண்ணம் சாதம், ஒரு கிண்ணம் சூப், வதக்கிய கீரையோ ஒரு துண்டு டோஃபுவோ, ஓரத்தில் ஊறுகாய். முடிவில் சாதத்தின் மேல் சூடாகப் பச்சைத் தேநீரை ஊற்றி ஒரு வாய். இதைக் கேள்விப்பட்ட வெங்கடகிருஷ்ணன், “நம்ம பழையதுதான். தண்ணிக்கு பதில் டீ. அவ்வளவுதானே?” என்றார். காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பிட்சு கிழக்கே போனபோது ஊறுகாய் ஜாடியையும் கையோடு எடுத்துப் போனதாக அவருக்கு வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. அதை ஹயாஷி அம்மாளிடமே சொன்னார். அவள் குனிந்து வணங்கி, நன்றி என்றாள். எதற்கு நன்றி என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

காமாக்ஷி ஊருக்குப் போனதன் காரணம் பேரன் ஷ்ரேயஸ். மகள் அனன்யா வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. குழந்தைக்கு டேகேரில் இடம் கிடைக்கவில்லை. அம்மா கிளம்பிவிட்டாள். அப்பாவும் கிளம்பியிருப்பார், ஜூரி டியூட்டிக்கு அழைப்பு வந்திராவிட்டால். “போங்கோ, உங்களை விட்டா இந்த தேசத்துல தீர்ப்பு சொல்ல ஆள் ஏது” என்று காமாக்ஷி பெட்டியைப் பூட்டினாள். தினமும் சாயங்காலம் அவர் கோர்ட் நம்பருக்கு போன் பண்ணுவார். பதிவு செய்யப்பட்ட ஒரு குரல், உங்கள் குழு நாளைக்குத் தேவையில்லை என்று மிக மரியாதையாகச் சொல்லும். ரிடையர் ஆன ஒரு வருஷமாக எல்லோரும் அவரிடம் வெவ்வேறு வார்த்தைகளில் சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதான்.

இந்த நிலையில்தான் ஹயாஷி அம்மாள் ஒரு வெள்ளை எனாமல் பெட்டியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். நகோயாவில் தங்கை மகனுக்குக் கல்யாணம். மூன்று வாரம் ஆகும். அதுவரை இதை வெங்கி-சான் (ஜப்பான் மரியாதையில் அவள் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள்) பார்த்துக்கொள்ள முடியுமா?

பார்த்துக்கொள்வதாவது. ஒருவர் நம்பி ஒன்றை ஒப்படைக்கிறார். வெங்கடகிருஷ்ணன் பெட்டியை விருதுபோல் வாங்கிக்கொண்டார்.

ஹயாஷி அம்மாள் செய்தும் காட்டினாள். வறுத்த அரிசித் தவிட்டை உப்புத் தண்ணீரில் பிசைந்து, ருசிக்குக் கடற்பாசித் துண்டுகள் போட்டுப் புளிக்கவைத்தது அது. ராத்திரி ஒரு வெள்ளரிக்காயையோ முள்ளங்கியையோ அதற்குள் புதைத்தால் காலையில் ஊறுகாய். ஆனால் தவிடு உயிருள்ள சமாசாரம். தினமும் கிளற வேண்டும். அவள் முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு, கையைக் கழுவித் துடைத்து, வெறுங்கையை மணிக்கட்டுவரை தவிட்டுக்குள் விட்டாள். அடியில் இருப்பது மேலே வர வேண்டும், மேலே இருப்பது அடியில் போக வேண்டும் என்றாள். நிழலில் வைக்க வேண்டும், இறுக்கி மூடக் கூடாது என்றாள்.

“கை முக்கியம்” என்று கடைசியாகச் சொன்னாள். “நான் ஆஸ்பத்திரியில் கிடந்த மாசம், கென்ஜிதான் இதைக் கிளறினார். திரும்பி வந்து சாப்பிட்டேன், ருசி மாறியிருந்தது. அவர் கை இன்னும் இதுக்குள்ள இருக்கு.”

உப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்வதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னாள். கென்ஜி அவள் கணவர். போய் நாலு வருஷமாகிறது. வெங்கடகிருஷ்ணன் தலையைத் தலையை ஆட்டினார். மனசுக்குள் ‘ஐயோ பாவம், இத்தனை வருஷமா தப்பாவே பண்ணிண்டிருக்கா’ என்று நினைத்துக்கொண்டார்.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அவர் வாழ்க்கையில் இரண்டு வேதங்கள் உண்டு. முதலாவது ஆபீஸ் வேதம். கம்ப்யூட்டர் சில்லு தயாரிக்கும் கம்பெனியில், தூசி புகாத அறைக்குள், முப்பது வருஷம் இருந்தவர். வெள்ளை அங்கி, தலைமூடி, கையுறைக்கு மேல் கையுறை. மனிதனின் வெறுங்கையைவிட அசுத்தமான பொருள் உலகத்தில் இல்லை என்று புதிதாகச் சேருகிற பையன்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தவர்.

இரண்டாவது காமாக்ஷி வேதம். கல்யாணமான புதிதில் ஒருநாள் மாவடு ஜாடிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துவிட்டார். ஈரக் கை. ஜாடி முழுக்கப் பூசணம் பூத்தது. அன்றைக்கு விழுந்த பாட்டு இன்னும் காதில் இருக்கிறது. ஊறுகாயில் கை வைக்கப்படாது, காய்ந்த கரண்டி, மேலே விரற்கடை எண்ணெய் நிற்கணும், அப்பப்போ வெயில் காட்டணும், மூடி இறுக்கமா இருக்கணும். அதோடு, அன்றிலிருந்து அவர் ஊறுகாய் அலமாரிப் பக்கமே போகக் கூடாது என்றும் சட்டமாயிற்று.

ஆகவே ஹயாஷி அம்மாளின் டாக்ஸி தெருமுனை திரும்பியதும் அவர் காரியத்தில் இறங்கினார். மூடி சரியாக உட்காராத அந்த எனாமல் பெட்டியை ஓரங்கட்டினார். தவிட்டைக் காய்ந்த மரக்கரண்டியால் வழித்து, அழுத்தி மூடும் டப்பாவுக்கு மாற்றினார். கட்டை விரல் உயரத்துக்கு நல்லெண்ணெய் ஊற்றினார். வாசனைக்கு ஒரு சிட்டிகை பெருங்காயமும் போட்டார். வெயிலில் வைத்தார். அந்த அம்மாள் வந்து பார்த்து அசந்துபோய், ‘இத்தனை வருஷம் யாரும் எனக்கு இதைச் சொல்லலையே’ என்று கேட்கும் காட்சிகூட அவருக்கு மனசில் வந்துபோயிற்று.

இரண்டு வாரம் கழித்துத்தான் இந்த ‘டப்’.

திங்கட்கிழமை காலை நடையில் அவருக்குத் துணை கோபாலசாமி. அவரும் ரிடையர் ஆனவர்தான். எந்தக் கடையில் எந்த வாரம் என்ன தள்ளுபடி என்பதில் டாக்டர் பட்டம் வாங்கக்கூடியவர். விஷயத்தைக் கேட்டதும் சிரிக்க ஆரம்பித்து, பூங்காவை ஒரு சுற்று முடித்தும் நிறுத்தவில்லை.

“ஏன்யா, ஒரு அம்மா கையால கலக்குன்னு சொன்னா கையால கலக்கிட்டுப் போக வேண்டியதுதானே? அவ என்ன உம்மை கல்யாணத்துக்கா கைபிடிக்கச் சொன்னா?”

“ஊறுகாய்ல யாராவது கையை விடுவானா ஓய்?”

“அது ஜப்பான் ஊறுகாய். நம்ம சட்டம் அங்க செல்லாது. உமக்குதான் ஜூரில கூப்பிட்டிருக்காளே, இது தெரிய வேண்டாமா?”

வெங்கடகிருஷ்ணன் நடையை வேகமாக்கினார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் கோபாலசாமிக்கே மனசு இளகி, ஒரு வழி சொன்னார். ஜப்பான் கடையில் இதே தவிடு, பிசைந்து புளிக்கவைத்தது, பாக்கெட்டிலேயே கிடைக்கிறது. ஒன்று வாங்கி அந்த எனாமல் பெட்டியில் நிரப்பிவிட்டால் முடிந்தது. தவிட்டில் பேரா எழுதியிருக்கிறது?

யோசனை பிடித்திருந்தது. அன்று மத்தியானமே கடைக்குப் போனார். குளிர்ந்த அலமாரியில், டோஃபுவுக்கும் ஏதோ ஒரு பிசுக்குப் பயறுக்கும் நடுவில், பாக்கெட் இருந்தது. ஜிப் வைத்த பை. படத்தில் சிரிக்கும் வெள்ளரிக்காய். எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்.

முன்னால் நின்ற பெண்மணி ஒவ்வொரு சாமானாகக் கூடையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். வெங்கடகிருஷ்ணன் பையைக் கையில் புரட்டிப் பார்த்தார். சுத்தம். எந்தக் கையும் படாமல் இயந்திரம் அடைத்தது; அவருடைய ஆபீஸ் வேதத்துக்கு நூற்றுக்கு நூறு பொருந்துவது. அதுதான் சங்கடமாக இருந்தது. இதில் யார் கையும் இல்லை. கென்ஜி கை நிச்சயமாக இல்லை.

கென்ஜியை அவருக்கு நன்றாகத் தெரியும். குப்பைத் தொட்டி வைக்கிற நாளில் இவருடையதையும் சேர்த்துத் தெருவோரம் தள்ளி வைத்துவிட்டுப் போகிற மனுஷர். வாசலில் பார்த்தால் கையைத் தூக்கி ஆட்டுவார். அந்தக் கையைத் தூக்கி எறிந்துவிட்டு, சிரிக்கும் வெள்ளரிக்காயை வைத்துக் கொடுத்தால், அந்த அம்மாள் வாயில் போட்டதும் தெரிந்துகொள்வாள். தெரியாமலே போனாலோ, அது இன்னும் மோசம்.

வரிசையிலிருந்து விலகினார். பாக்கெட்டைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, அரிசி விற்கிற மூலைக்குப் போய், வெறும் தவிடு ஒரு பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வாங்கியாயிற்று. அப்புறம்? யூட்யூபில் தேடினார். ஒரு ஜப்பான் பெண், கீழே ஆங்கில எழுத்து ஓடவிட்டுப் பாடம் நடத்தினாள். காற்றுப் படாமல் அடைத்து வைத்தால் தவிடு பெயின்ட் நாற்றம் அடிக்குமாம். வெயிலில் வைத்தால் கெட்டுப்போகுமாம். எண்ணெய் ஊற்றினால் என்ன ஆகும் என்று அவள் சொல்லவே இல்லை. அப்படிச் செய்கிற ஜன்மம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது.

பரிகாரம் சொன்ன இடத்தில்தான் வெங்கடகிருஷ்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். உப்பு, புதுத் தவிடு, காய்ந்த மிளகாய், கடுகுப் பொடி.

“கடுகு, மிளகாய்” என்று காலி வீட்டில் உரக்கச் சொன்னார். “தாளிக்க வேண்டியதுதான் பாக்கி.”

ஆனால் எல்லாவற்றுக்கும் பிறகு அந்தப் பெண்ணும் சட்டையைச் சுருட்டிக்கொண்டு, வெறுங்கையை மணிக்கட்டுவரை உள்ளே விட்டாள். அங்கேதான் அவருக்குக் கை வரவில்லை. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஸிங்க்குக்கும் மேடைக்கும் நடுவில் நின்றார். சாயங்காலம் காமாக்ஷியைக் கூப்பிட்டார்.

முதலில் ஷ்ரேயஸ் பற்றி விசாரித்தார். பிறகு அனன்யா வேலை, அங்கே மழை. கடைசியில், ரொம்ப சாதாரணமாக, இட்லி மாவை ஏன் கையால் கலக்கிறாய் என்று கேட்டார்.

காமாக்ஷி போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

“திடீர்னு என்ன இட்லி மாவு மேல அக்கறை?”

“சும்மாதான். வாட்ஸ்அப்ல ஏதோ வந்தது.”

“கரண்டியால கலந்தா புளிக்கும். கையால கலந்தாதான் பொங்கும். கைச்சூடு இருக்கோல்லியோ.”

“ஆனா ஊறுகாய்ல கை வைக்கப்படாதுன்னு சொல்லுவியே.”

“ஊறுகாய் ஒரு இடத்துல அப்படியே நிக்கணும். மாவு உசிரோட இருக்கணும். ரெண்டும் ஒண்ணாகுமா?” என்றாள் காமாக்ஷி. முப்பத்தைந்து வருஷம் ஒரே சமையலறையில் புழங்கியும் இந்த மனுஷருக்கு இது தெரியவில்லையே என்று அவள் அலுத்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் அலுத்துக்கொள்ளவில்லை. வாயில் எதையோ அடக்கிக்கொண்டிருப்பவள் மாதிரி இருந்தாள்.

“சரி, வெச்சுடட்டுமா?”

“வையுங்கோ. கையை நன்னா துடைச்சுண்டு பண்ணுங்கோ. மோதிரத்தைக் கழட்டி வெச்சுடுங்கோ.”

போனை அணைத்த பிறகுதான் அவருக்கு, தான் ஒன்றும் செய்யப்போவதாகவே சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்ததே தவிர, அதைத் தொடர்ந்து யோசிக்க நேரமில்லை. மோதிரத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

மேலே மிதந்த எண்ணெயைக் காகிதத் துண்டால் ஒற்றி எடுத்தார். எண்ணெய் ஊறிய மேல் தவிட்டை, மனசைக் கல்லாக்கிக்கொண்டு, வழித்துக் கொட்டினார். அடியில் மிஞ்சியது பாதிக்கும் குறைவு. அதை எனாமல் பெட்டிக்கே திரும்ப மாற்றி, புதுத் தவிட்டை வறுத்து ஆறவைத்துச் சேர்த்தார். கடுகுப் பொடி, மிளகாய், உப்பு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டார்.

குளிர்ச்சியாக, ஈரக் கடற்கரை மணல் மாதிரி இருந்தது. சிறிது ஆழத்தில் லேசான வெதுவெதுப்பு. அடியில் இருப்பது மேலே, மேலே இருப்பது அடியில். விரலிடுக்கில் ஒரு துண்டுக் கடற்பாசி தட்டுப்பட்டு, அவர் தூக்கிவாரிப்போட்டுக் கையை எடுத்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மறுபடி விட்டார்.

அந்த வாரம் முழுக்க அவருக்கு வேலை சரியாக இருந்தது. காலையில் எழுந்ததும் கிளறல். சாயங்காலம் கிளறல். தவிடு தேறும்வரை கோஸ் மேலிலைகளைப் புதைத்து, எடுத்து எறிய வேண்டும் என்று அந்த யூட்யூப் பெண் சொல்லியிருந்தாள். முதலில் எடுத்த இலையை நாக்கில் வைத்துப் பார்த்தார்; டர்பன்டைன் குடித்த மாதிரி இருந்தது. அடுத்தது கொஞ்சம் தேவலை. அதற்கடுத்ததில் உப்பு தெரிந்தது. கோர்ட் நம்பருக்கு போன் செய்து, உங்கள் குழு தேவையில்லை என்று கேட்டபோது முதல் தடவையாக, “நல்லதாப் போச்சு, எனக்கும் ஒழியலை” என்று அந்தப் பதிவுக் குரலுக்குப் பதில் சொன்னார்.

கோபாலசாமி நேரில் வந்து பார்த்தார். பெட்டிக்கு மேல் குனிந்து மோந்தார்.

“எப்படி இருக்கு?”

“பழுத்த ஆப்பிளும் மோரும் சேர்ந்தாப்ல இருக்கு.”

“அதுதான் சரியான வாசனையாம்” என்றார் வெங்கடகிருஷ்ணன், குரலில் பெருமை வழிய.

“அதுக்குப் பின்னாடி நம்மாத்து தோசை வாசனையும் வரதேய்யா.”

நல்லெண்ணெய். பெருங்காயம். எத்தனை ஒற்றியும், எத்தனை வழித்தும், அவை போகவில்லை. அழைக்காமல் வந்த விருந்தாளிகள் போகிற ஜாதியா?

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு வெள்ளரிக்காயை உப்பு தேய்த்துப் புதைத்தார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு டாக்ஸி வந்தது. அவர் எனாமல் பெட்டியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனசுக்குள் நாலு தடவை ஒத்திகை பார்த்துக்கொண்டு, பக்கத்து வீட்டு மணியை அடித்தார். ஹயாஷி அம்மாளின் கண்ணில் பயணக் களைப்பு இருந்தது. அவர் வாயைத் திறக்கும் முன்பே, உள்ளே வாருங்கள், சாப்பிடத்தான் போகிறேன் என்றாள். விமானத்தில் கொடுத்ததெல்லாம் சாப்பாடே இல்லையாம்.

சாதம் ஏற்கெனவே குக்கரில் வெந்துகொண்டிருந்தது. அவள் பெட்டியை வாங்கி மேடையில் வைத்தாள். மூடியைத் திறந்தாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு தவிட்டுக்குள் விட்டாள்.

கை அப்படியே நின்றது.

வெங்கடகிருஷ்ணன் ஒத்திகையெல்லாம் மறந்துபோய், இருந்ததை இருந்தபடி கொட்டிவிட்டார். கரண்டி, டப்பா, வெயில், எண்ணெய், பெருங்காயம், ‘டப்’. மேல் தவிட்டை எறிந்ததையும் சொன்னார். “கென்ஜியில பாதியை நான் குப்பையில போட்டுட்டேன்” என்றார். “மிச்சத்தைக் காப்பாத்தியிருக்கேனா தெரியலை.”

ஹயாஷி அம்மாள் விரல்களை இன்னும் ஆழமாக விட்டாள். வெள்ளரிக்காயைத் தோண்டி எடுத்தாள். தண்ணீரில் அலசி, பிழிந்து, கத்தியால் வில்லை வில்லையாக நறுக்கினாள். இரண்டு கிண்ணங்களில் சாதம் போட்டாள். மேலே சூடான தேநீரை ஊற்றினாள். ஒன்றை அவர் முன்னால் தள்ளினாள். பிறகு ஒரு வில்லையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மென்றாள். ஜன்னல் வழியே வேலியைப் பார்த்தபடி ரொம்ப நேரம் மென்றாள். முப்பது வருஷத்தில் எத்தனையோ சில்லுகள் பரிசோதனையில் தேறுவதையும் தேறாததையும் பார்த்திருக்கிறார் வெங்கடகிருஷ்ணன். உள்ளங்கை இப்படி வியர்த்ததில்லை.

அவள் இரண்டாவது வில்லையை எடுத்தாள். ஒரு வாய் சாதம். மூன்றாவது.

“தோசை” என்றாள். உதட்டின் ஓரத்தில் ஏதோ நெளிந்தது. “காமாக்ஷி-சான் கொண்டுவர தோசை.”

“மன்னிக்கணும்.”

“சாப்பிடுங்க, ஆறிப்போகும்.”

அவர் ஒரு வில்லையை எடுத்தார். மொறுமொறுவென்று இருந்தது. முதலில் உப்பு, பின்னால் லேசான புளிப்பு, நுனியில் கடுகின் சுறுசுறுப்பு. அதற்கும் பின்னால், எங்கோ தூரத்தில், பெருங்காயம். தேநீர் ஊற்றிய சாதத்தோடு அது போன விதத்தைப் பார்த்தால், அந்தக் காஞ்சிபுரத்து பிட்சு கதை உண்மையாகக்கூட இருக்கலாம் என்று பட்டது. அதைச் சொல்ல வாயெடுத்தவர், இன்றைக்கு வேண்டாம் என்று அடக்கிக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்ததும் ஹயாஷி அம்மாள் எழுந்துபோய் ஃப்ரீஸரைத் திறந்தாள். அடித்தட்டிலிருந்து உறைந்துபோன ஒரு பையை எடுத்து மேடையில் வைத்தாள். பழுப்பு நிறம். செங்கல் மாதிரி கெட்டியாக இருந்தது. நடுவில் ஒரு துண்டுக் கடற்பாசி தெரிந்தது.

வெங்கடகிருஷ்ணன் அதைப் பார்த்தார். எனாமல் பெட்டியைப் பார்த்தார். பெட்டி தன்னிடம் வந்த அன்றைக்கே முக்கால்வாசிதான் நிறைந்திருந்தது என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஹயாஷி அம்மாள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அந்தப் பையை மறுபடி ஃப்ரீஸருக்குள்ளேயே வைத்து மூடினாள். எனாமல் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, தவிட்டின் மேற்பரப்பை உள்ளங்கையால் தட்டிச் சமமாக்கி, அடுப்புக்குப் பக்கத்தில், நிழலில், அது எப்போதும் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். நாளைக்குக் காலையில் எட்டு மணிக்கு வந்து கிளறிக் கொடுக்க முடியுமா, இப்போது அதற்கு அவர் கை பழகிவிட்டது என்றாள்.

“அப்போ ஃப்ரீஸர்ல இருக்கறது?” என்று கேட்டார் அவர்.

“காமாக்ஷி-சான் ஊருக்குக் கிளம்பற அன்னிக்கு வந்து சொல்லிட்டுப் போனாங்க: ‘இவர் கையில ஒரு வேலை கொடுங்க, ஆனா முதல்ல கொஞ்சம் எடுத்து ஃப்ரீஸர்ல வெச்சுக்கோங்க, கண்டிப்பா நல்லெண்ணெய் ஊத்துவார்.’”